நாலாவது துடிப்பு

குழாயைச் சீக்கிரம் எடுத்தாயிற்று. அதுதான் தப்பு. எடுத்தது டாக்டர் வைகுண்டம். எழுபத்தொரு வயது, அதில் நாற்பத்தோரு வருடம் ஆபரேஷன் மேஜையின் தலைமாட்டில். கோவில்பட்டியில் வயிற்றைத் திறந்துகொண்டவர்களில் பாதிப்பேரைத் தூங்கவைத்ததும் எழுப்பிவிட்டதும் அவர்தான். இன்றைக்கு ஒருத்தனை எழுப்பத் தெரியவில்லை. ஞானதுரை, பஸ் கண்டக்டர், நாற்பத்தாறு வயது, பித்தப்பையில் கல். கல்லை எடுத்து, வயிற்றில் போட்ட நாலு துளையையும் தைத்து முடித்தது பத்து ஐம்பதுக்கு. பத்து ஐம்பத்தெட்டுக்கு வைகுண்டம் அவன் தொண்டையிலிருந்த மூச்சுக்குழாயை உருவி எடுத்து, "ஏப்பா, கண்ணைத் திற" என்றார். திறந்தான். மூச்சுத்தான் விட முடியவில்லை. வயிறு எழும்புகிறது, நெஞ்சு குழிகிறது, காற்று உள்ளே போகவில்லை. கையும் காலும் ஈரத்துணி மாதிரிக் கிடக்கின்றன. தூங்கவைத்த மருந்து இறங்கிவிட்டது, தசையைக் கட்டிப்போட்ட மருந்து இறங்கவில்லை. ஆள் உள்ளே முழித்திருக்கிறான், உடம்பு முழிக்கவில்லை. திரையில் ஆக்சிஜன் தொண்ணூற்றேழு, எண்பத்தெட்டு, எழுபத்தொன்று. அப்புறம் கீழ்மாடியிலிருந்து அந்தப் பெண், இங்கே இருக்கிற இன்னொரு மயக்க டாக்டர், படியேறி ஓடிவந்தாள். மூன்றே நிமிடம். ஆள் திரும்பத் தூங்கினான், குழாய் திரும்ப உள்ளே போனது, எண் தொண்ணூற்றெட்டில் வந்து நின்றது.

இப்போது மணி பதினொன்று பதினைந்து. வைகுண்டம் தலைமாட்டு முக்காலியில் இல்லை, பக்கவாட்டு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார், ஞானதுரையின் வலது கை அவர் மடியில். மணிக்கட்டில் இரண்டு வில்லை ஒட்டியிருக்கிறது, பெருவிரலில் ஒரு பொட்டு மாதிரிக் கருவி. எல்லாம் அவள் ஒட்டிவிட்டுப் போனது. "அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா பட்டனைத் தட்டுங்க சார். நாலாவது துடிப்பு முதலாவதுல நூத்துக்குத் தொண்ணூறு காட்டுற வரைக்கும் குழாயைத் தொட வேண்டாம். மயக்கம் கொஞ்சமாப் போயிட்டே இருக்கட்டும், அவர் முழிச்சிரக் கூடாது. கீழ அடுத்த சிசேரியன் காத்துட்டிருக்கு, நான் ஓடிட்டு வந்துர்றேன்." ஓடிவிட்டாள். குரலில் ஒன்றும் இல்லை. ஏளனமாவது இருந்திருக்கலாம். இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்திருக்கும், ஏம்மா, உன் வயசு என் சர்வீஸ் என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். ஒன்றும் கொடுக்காமல் போய்விட்டாள். ஒரே ஒரு கேள்வி, அதுவும் வில்லையை ஒட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல்: "முகத்துலயா சார் பாத்தீங்க?" ஆமாம், முகத்தில்தான் பார்த்தேன். அதற்கென்ன. வைகுண்டம் பட்டனைத் தட்டினார். நரம்பில் நாலு முறை மின்சாரம் தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் பெருவிரல் உள்பக்கமாக ஒரு துள்ளு துள்ள வேண்டும். மருந்து முழுசாக இருந்தால் ஒன்றும் துள்ளாது. இறங்க இறங்க ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. விரல் ஒரு முறை லேசாக அசைந்தது. தூங்குகிற பிள்ளை பால் குடிக்கிற நினைப்பில் உதட்டை அசைக்குமே, அந்த அளவு. அப்புறம் ஒன்றுமில்லை. ஒன்று. இருபது நிமிடத்துக்கு முன்னால், இந்த ஒன்றுகூட இல்லாதபோது, இவனை மூச்சு விடச் சொல்லியிருக்கிறார். கண்டக்டரின் பெருவிரல் தட்டையாக, சில்லறைக் கறுப்பு ரேகைக்குள் ஏறிப்போய், நகத்தின் ஓரம் தேய்ந்திருந்தது. காலையில் இந்த விரலால்தான் கும்பிட்டான். "மயக்கம் குடுக்கிறது யாரு சார்?" என்று கேட்டான். ரோசம்மா சிஸ்டர், "வைகுண்டம் சார்" என்றாள். "பேரே வைகுண்டமா! ஏம்மா, எனக்கு ரிட்டன் டிக்கெட்டும் சேத்துப் போடச் சொல்லுங்க" என்றான். தியேட்டரே சிரித்தது. வைகுண்டம் சிரிக்கவில்லை. இந்தப் பேரை வைத்து நாற்பத்தோரு வருடமாக எல்லாரும் சொல்கிற ஹாஸ்யம், எல்லாரும் தாங்கள்தான் முதலில் சொல்வதாக நினைத்துக்கொண்டு. ரிட்டன் டிக்கெட். போட்டேன், போட்டேன். கிழித்துப் பாதியிலேயே கொடுத்துவிட்டேன்.

முகத்துலயா சார் பாத்தீங்க. அந்தக் கருவி அவளுடையது. நீலப் பெட்டி, தியேட்டர் அலமாரியில் இரண்டாவது இழுப்பறை. மேலே அவள் பேர் எழுதிய காகிதம் ஒட்டியிருக்கும். காலையில் ரோசம்மா அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது, அந்தப் பேரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் எடுத்தார். பேர் ஒன்றும் பெரிய பேர் இல்லை, இந்த ஊர் அம்மன் பேர்தான். மினிபஸ்ஸில் இருக்கும், மாவு மில்லில் இருக்கும், தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். வைகுண்டத்தின் வாயில் மட்டும் இரண்டு வருடமாக வரவில்லை. அந்தப் பொண்ணு. கீழ்மாடி அம்மா. உங்க மேடம். வீட்டில் பெண்டாட்டி கோமதி ஒரு நாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "எழுபத்தொரு வயசுல உங்களுக்குச் சக்களத்தி வந்திருக்கா. எனக்கு வராதது." சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். எழுந்ததும் தப்புத்தான். எழுந்ததால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிட்டது. சக்களத்தியாம். யாருக்கு. சர்ஜன் ஜெயசிங்குக்கா நான் வாக்கப்பட்டிருக்கேன். இருபத்தாறு வருடம் அவன் கத்தி பிடித்தான், இவர் மூச்சைப் பிடித்தார். ஜெயசிங் முதல்முதலாக வயிறு திறந்தபோது கை நடுங்கியதைப் பார்த்தவர் இவர் ஒருத்தர்தான். பார்த்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஜெயசிங் சர்ஜன் என்றால் வைகுண்டம் மயக்கம், அது இந்த ஊரில் சொல்லாமலே தெரிகிற விஷயம். ஏழு நாளும் கூப்பிட்டான். அப்புறம் நாலு நாள். இப்போது செவ்வாயும் வெள்ளியும். இன்றைக்குப் புதன். காலையில் போன் வந்தபோது சந்தோஷப்பட்டார், பட்டதை இப்போது நினைத்தால் காது சுடுகிறது. "அண்ணாச்சி, மேடம் சிசேரியன்ல மாட்டிக்கிட்டாங்க, நீங்க வாரீங்களா?" மேடம் இல்லை, அதனால் நீ. பந்தியில் கூட்டு தீர்ந்துபோனால் ஊறுகாய் வைப்பார்கள். வந்தார். ஊறுகாய் வந்தது. வந்த ஊறுகாய் சும்மா இருக்காமல் நீலப் பெட்டியை எடுத்தது.

பட்டன். ஒன்று. இரண்டாவது வந்த மாதிரி இருந்தது. விரல் அசைந்ததா, தன் கை நடுங்கியதா. திரும்பத் தட்டக் கூடாது, அடிக்கடி தட்டினால் பொய் சொல்லும். அதுவும் அவள் சொன்னதுதான், ஆனால் இன்றைக்கு இல்லை, திருநெல்வேலி மீட்டிங்கில். ஓட்டல் ஹால், ஞாயிற்றுக்கிழமை, மயக்க டாக்டர்கள் அறுபது பேர், மூன்றாவது வரிசையில் வைகுண்டம். பேசுகிறவள் அவள். அவளை அறிமுகம் செய்ய மேடைக்கு ஏறியது ஜெயசிங். சர்ஜனுக்கு அங்கே என்ன வேலை. ஏறினான், மைக்கைத் தட்டினான், சொன்னான்: "இவங்க தலைமாட்டுல இருந்தா நான் நிமிர்ந்து பாக்கவே வேண்டாம்." கைதட்டினார்கள். வைகுண்டம் தட்டவில்லை. அது என் வாக்கியம். எட்டயபுரம் மில் முதலாளிக்குக் குடல் வெடித்து, அரைமணி நேரம் ரத்த அழுத்தமே இல்லாமல் ஓட்டி, ஆளை மீட்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் டீ குடித்தபோது ஜெயசிங் சொன்னது. அண்ணாச்சி, நீங்க தலைமாட்டுல இருந்தா நான் நிமிர்ந்து பாக்கவே வேண்டாம். அதற்கு முன்னாலும் பின்னாலும் வைகுண்டத்துக்கு யாரும் ஒரு பொன்னாடை போர்த்தியதில்லை, ஒரு ஷீல்டு கொடுத்ததில்லை. மயக்க டாக்டருக்கு யார் கொடுப்பார்கள். எழுந்தவன் சர்ஜன் காலில்தான் விழுவான். இந்த ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதை எடுத்து, தூசி தட்டி, அவளுக்குப் போர்த்திவிட்டான். போர்த்தியது தெரிந்து போர்த்தினானா, தெரியாமலா. தெரிந்து என்றால் துரோகம். தெரியாமல் என்றால் இன்னும் மோசம், சொன்னதையே மறந்திருக்கிறான். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு முகப் படம் வந்தது. அவள் சொன்னாள்: "ஆபரேஷன்ல கை ரெண்டும் துணிக்குள்ள போயிட்டா, வில்லையை முகத்துல ஒட்டிப் புருவத்தைப் பாக்கலாம்." முன்வரிசையில் ஜெயசிங் தலையை ஆட்டினான், ஏதோ புரிந்த மாதிரி. அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் வைகுண்டம் எழுந்து வெளியே போனார். சாப்பாட்டு ஹாலில் யாரும் இல்லை. பிரியாணி அண்டாவின் மூடியைக்கூட இன்னும் திறக்கவில்லை. பரிமாறுகிறவன், "கூட்டம் முடிஞ்சிருச்சா சார்?" என்றான். "எனக்கு முடிஞ்சிருச்சு" என்றார். தனியாக உட்கார்ந்து தின்றார். தின்றுகொண்டிருந்தபோதுதான் அவள் மிச்சத்தைச் சொல்லியிருக்கிறாள், அது இன்றைக்கு அவள் கேட்ட கேள்வியில்தான் புரிந்தது. புருவம் முந்திக்கொள்ளும். உடம்பு முழுக்கக் கட்டுண்டு கிடக்கும்போதே புருவம் நாலு முறை துள்ளும். அதை நம்பிக் குழாயை எடுக்காதீர்கள், கையை வெளியே எடுத்துப் பெருவிரலைப் பாருங்கள். அறுபது பேர் கேட்டார்கள். ஒருத்தர் பிரியாணி தின்றார்.

இன்றைக்கு அந்தப் பாதிப் படிப்பை வைத்துக்கொண்டு முகத்தில் வில்லை ஒட்டினார். புருவம் துள்ளியது, நாலும் அழகாக. "பாத்தீரா ஜெயசிங்!" என்றுகூடச் சொன்னார். அதுதான் பெரிய அசிங்கம், அதை எங்கே கொண்டுபோய் வைக்க. பாத்தீரா ஜெயசிங், எனக்கும் தெரியும். ஜெயசிங் நிமிர்ந்து பார்த்தான். இருபத்தாறு வருடத்தில் நிமிர்ந்து பார்க்காதவன் பார்த்தான், "அட, அண்ணாச்சியும் மாறிட்டீங்க" என்றான். அந்த ஒரு சொட்டுச் சந்தோஷத்தில், எப்போதும் செய்கிறதை வைகுண்டம் செய்யவில்லை. கையை இறுக்கிப் பிடிப்பா. தலையைத் தூக்கு, அஞ்சு எண்ணுகிற வரைக்கும் கீழே போடாதே. நாக்கை நீட்டு. நாற்பத்தோரு வருடம் அதைத்தான் கேட்டார். அதைக் கேட்காமல் ஒரு குழாயைக்கூட எடுத்ததில்லை. கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும், இவன் தலையைத் தூக்கியிருக்கவே மாட்டான். தன் வழியில் போயிருந்தால் தப்பித்திருப்பான். அவள் வழியில் முழுசாகப் போயிருந்தாலும் தப்பித்திருப்பான். இரண்டும் இல்லாமல், அவளை ஜெயிக்கிற வழியில் போனார். போதாததற்கு, வயிறு இறுக்கமா இருக்கு அண்ணாச்சி என்று ஜெயசிங் சொன்னதற்காக, தைப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் தளர்த்துகிற மருந்தை இன்னொரு ஊசி போட்டிருந்தார். அதையும் மறந்தாரா. மறக்கவில்லை. புருவம் துள்ளுகிறதே என்று நினைத்தார்.

பதினொன்று முப்பது. மூன்று. மூன்றாவது அரைகுறை. கதவைத் தள்ளிக்கொண்டு ஜெயசிங் வந்தான், மாஸ்க்கைத் தாடையில் இறக்கிவிட்டு. நோயாளியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், வைகுண்டத்தைப் பார்க்கவில்லை.

"வெளிய அவன் வீட்டம்மா கேக்குது. லேட்டாகும்னு சொல்லிட்டேன்."

"என்ன காரணம் சொன்னீரு?"

"காரணம் யாரு கேட்டா. அண்ணாச்சி, ஷீட்டுல ஸ்பாசம்னு எழுதிருங்க. பீடி குடிக்கிற தொண்டை, குழாயை எடுத்ததும் தொண்டை தானா இறுகிக்கிச்சு. நடக்கிறதுதானே. யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல."

"அந்தப் பொண்ணு கேக்காதா?"

"அது எதுக்குக் கேக்குது. அவரே எழுதட்டும்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான கீழ போச்சு."

"நீரு கேப்பீரா?"

"நானா? போங்க அண்ணாச்சி." ஜெயசிங் அவர் தோளைத் தொட்டான். தொட்டவன் உடனே கையை எடுத்தான். துக்க வீட்டில் தொடுகிற மாதிரி இருந்தது. "மெதுவா எழுதுங்க. நான் ஓ.பி. பாத்துட்டு வாரேன்."

போய்விட்டான். ரோசம்மா ஓரமாக நின்று கத்திரிகளைத் துடைத்து எண்ணிக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல். இவள்தான் அவளைக் கூப்பிட்டது. எண்பத்தெட்டு வந்தபோதே போனை எடுத்துவிட்டாள். "யாரு உன்னைக் கூப்பிடச் சொன்னது?" என்று வைகுண்டம் கத்தினார், ஒரு பக்கம் ஆள் நீலமாகிக்கொண்டிருக்கும்போது. "அவரு கண்ணு சொல்லிச்சு சார்" என்றாள். வேறு நேரமாக இருந்தால் வேலையைவிட்டு நிறுத்தச் சொல்லியிருப்பார். ஸ்பாசம். நல்ல வார்த்தை. மழை பெய்தது என்கிற மாதிரி. யாரும் பெய்யவைக்கவில்லை, தானாகப் பெய்தது. ஸ்பாசம் என்று எழுதினால் புருவம் இல்லை, பாத்தீரா ஜெயசிங் இல்லை, நீலப் பெட்டி இல்லை. அவளும் இல்லை. ஸ்பாசத்தை யார் வேண்டுமானாலும் சரிசெய்யலாம், வைகுண்டமே செய்திருக்கலாம். மாஸ்க்கை அழுத்திப் பிடித்தார், சரியாயிற்று. ஷீட்டின் அடியில் ஒரே கையெழுத்து. செவ்வாயும் வெள்ளியும் தப்பிக்கும், இந்தத் தலைமாட்டு முக்காலி தப்பிக்கும். எழுதாவிட்டால் இந்த முக்காலியில் இன்றே கடைசி, இதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. அப்புறம் வீடு, கோமதி, பேப்பர், மத்தியானத் தூக்கம். எழுப்ப ஆள் கிடையாது. பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். இவன் வாய் திறந்தால் என்ன ஆகும். இவன் பார்த்தானே. கண் முழுக்கத் திறந்திருந்தது. அந்தக் கண். வைகுண்டம் கண்ணை மூடினார், மூடியதும் அதுதான் வந்தது. இமைக்கவில்லை. கருமணி மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போனது, ஓடுகிற பஸ்ஸிலிருந்து கடைகளைப் பார்க்கிற மாதிரி. இவர் முகத்துக்கு வந்து நின்றது. பற்றிக்கொண்டது. இவர் என்ன செய்தார். "மூச்சை இழு, இழுடா, இழுன்னு சொல்றேன்ல!" என்று கத்தினார். கை கால் கட்டுண்டவனைப் பார்த்து ஓடு ஓடு என்று கத்துகிற மாதிரி. தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாஸ்க் சரியாகப் பதியவில்லை என்று ரோசம்மாவைத் திட்டினார், ஆக்சிஜன் வரவில்லை என்று மிஷினைத் திட்டினார். இவனிடம் ஒரு வார்த்தை. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் சொன்னாள். அதைத்தான் இவ்வளவு நேரமாக நினைக்காமல் இருக்கிறார். வந்தவள் மாஸ்க்கை இவர் கையிலிருந்து வாங்கி அழுத்திக்கொண்டே, திரையைக்கூடப் பார்க்காமல், குனிந்து அவன் காதில் சொன்னாள்: "ஞானதுரை அண்ணே, உங்களுக்கு எல்லாம் கேக்குதுன்னு தெரியும். மூச்சு நான் தாரேன். பயப்படாதீங்க. இப்பத் தூங்க வச்சிருவேன்." அவ்வளவுதான். அப்புறம் ஊசி. அவன் பேர் அவளுக்கு எப்படித் தெரியும். கை வளையத்தில் படித்திருப்பாள். எப்போது படித்தாள், ஓடி வந்த வேகத்தில். கருமணி அவள் பக்கம் திரும்பி நின்றதை வைகுண்டம் பார்த்தார். நின்றது, அவ்வளவுதான், அலையவில்லை. பெட்டி கிடக்கட்டும். பெட்டியைக் காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம். மேடை, மைக், ஜெயசிங், அந்த வாக்கியம், எல்லாம் ஒழிந்து போகட்டும். கட்டுண்டு கிடக்கிறவனுக்குக் காது கேட்கும் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது. வைகுண்டத்துக்குத் தெரியும், நாற்பத்தோரு வருடமாகத் தெரியும், ஒரு தடவையாவது குனிந்திருக்கிறாரா. வயிற்றெரிச்சல் என்று ஒன்று இருக்கிறதே, அது இத்தனை நாள் எரிந்த இடம் வேறு. இது இன்னும் கீழே. இதற்குக் கோமதியிடம் பேர் கிடையாது.

பதினொன்று நாற்பது. பட்டன். இந்தத் தடவை நாலு. விரல் அவர் விரலை நாலு முறை இடித்தது, டக், டக், டக், டக். வைகுண்டம் நிமிர்ந்தார். நாலும் ஒன்றுபோல. முதலாவதும் கடைசியும் ஒரே கனம். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை மனதுக்குள் தட்டிப் பார்த்தார். சந்தேகமே இல்லை. நாற்பத்தோரு வருடக் கை, பிறந்த குழந்தையின் நாடியைத் துணிக்கு மேலேயே பிடிக்கிற கை, அது சொல்கிறது, சமம். எடுக்கலாம். இப்போது எடுத்தால் அவள் மேலே வருவதற்கு முன்னால் இவன் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருப்பான். அவள் கதவைத் திறக்கும்போது வைகுண்டம் கை கழுவிக்கொண்டிருப்பார். சரியாயிருச்சும்மா, நீ எதுக்கு மறுபடி படியேறி வாரே. அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தார், உதடு அசையாமல். நன்றாக இருந்தது. மயக்க வாயுவின் திருகில் கை போய்விட்டது. அப்புறம்தான் திரையில் எண்ணைப் பார்த்தார். நாற்பத்து மூன்று. நூற்றுக்கு நாற்பத்து மூன்று. நாலாவது துடிப்பு முதலாவதில் பாதிகூட இல்லை. மிஷினில் கோளாறு. பொட்டு நழுவியிருக்கும். குனிந்து பார்த்தார், நழுவவில்லை. ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்து மறுபடி தட்டினார். டக், டக், டக், டக். விரல் சொன்னது சமம். திரை சொன்னது நாற்பத்தொன்பது. இரண்டில் ஒன்று பொய். எது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கை சமம் சமம் என்று சொல்லிச் சொல்லி எத்தனை பேரை வார்டுக்கு அனுப்பியிருக்கும். பாதிப் பலத்தோடு. அதில் எத்தனை பேர் ராத்திரி மூச்சுத் திணறி, சளி கட்டி, வயசாச்சு, விதி என்று. போதும். அந்தக் கணக்கைத் திறந்தால் மூட முடியாது. திருகிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஞானதுரையின் கைமேலேயே வைத்தார்.

ஐம்பத்தெட்டு. அறுபத்தாறு. ஐந்து ஐந்து நிமிடமாக எண் ஏறியது, மேட்டில் ஏறுகிற லோடு லாரி மாதிரி. எழுபத்தைந்தில் நின்றுகொண்டது, அடுத்த தட்டுக்கும் எழுபத்தாறுதான். வைகுண்டத்துக்கு எரிச்சல் வந்தது. பொறுமை அவருக்கு எப்போது இருந்தது. தயிர் உறைகிறதா என்று தூக்கிப் பார்க்கிற ஜாதி. ஏறு, ஏறு சனியனே. எண்பத்து மூன்று. ரோசம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அவளும் எண்ணைத்தான் பார்த்தாள். எண்பத்தேழு. "எடுத்துரலாமா சார்?" என்றாள், இவரைச் சோதிக்கிற மாதிரியும் இருந்தது, ஆறுதல் மாதிரியும் இருந்தது. "தொண்ணூறுன்னா தொண்ணூறு" என்றார் வைகுண்டம். யார் சொன்ன தொண்ணூறு என்று அவள் கேட்கவில்லை. பன்னிரண்டு இருபதுக்குத் திரையில் தொண்ணூற்றிரண்டு விழுந்தது. வாயுவை மூடினார். காத்திருந்தார். இமை துடித்தது. ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு, குனிந்தார். இடுப்பு வலித்தது. காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தார், கூச்சமாக இருந்தது, அடுத்தவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்க்கிற மாதிரி. "ஞானதுரை. நான் டாக்டர். முடிஞ்சிருச்சு. இப்ப மூச்சு உனக்கு வரும். அவசரமில்ல." அப்புறம் கையை இறுக்கச் சொன்னார். இறுக்கினான், வலிக்க இறுக்கினான், மோதிரம் சதையில் பதிந்தது. தலையைத் தூக்கு. தூக்கினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஆறும் எண்ணினார், ஏழும் எண்ணினார். குழாயை எடுத்தார். நெஞ்சு எழும்பியது. காற்று போனது.

பத்து நிமிடம் கழித்துத்தான் குரல் வந்தது, கரகரவென்று. "டாக்டரய்யா."

"என்னப்பா. வலிக்குதா?"

"நெஞ்சுமேல யாரோ ஏறி உக்காந்திருந்தாங்க. நான் செத்துட்டேன்னு நெனச்சேன்."

ரோசம்மா திரும்பிக்கொண்டாள். கதவருகில் ஜெயசிங் வந்து நின்றிருந்தான், எப்போது வந்தான் என்று தெரியவில்லை. வைகுண்டத்தைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினான், கனவுன்னு சொல்லிருங்க என்கிற ஆட்டல். மருந்து கொடுத்தவர்களுக்கு வருகிற கனவு. அதுவும் எல்லாரும் சொல்கிறதுதான்.

"கனவு இல்லப்பா" என்றார் வைகுண்டம். "நான் குழாயைச் சீக்கிரம் எடுத்துட்டேன். தப்பு என்னோடது."

ஜெயசிங் மாஸ்க்கை மேலே இழுத்து மூக்கை மூடிக்கொண்டான்.

ஞானதுரை அதைக் கேட்டானா என்று தெரியவில்லை. மேல்கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நினைப்பு வேறு எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. "ஒரு பொம்பள குரல் சார். மூச்சு நான் தாரேன்னு சொல்லிச்சு. அண்ணேன்னு கூப்பிட்டு. அதோட பயம் போயிருச்சு. எங்க அக்கா செத்துப் பதினஞ்சு வருஷமாச்சு, அவதானோன்னு பாத்தேன்." எச்சிலை விழுங்கினான், தொண்டை வலித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தான். "யாரு சார் அது?"

வைகுண்டம் மேஜை ஓரத்திலிருந்து மயக்க ஷீட்டை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். பத்து ஐம்பத்தெட்டு: தசைத் தளர்வு மாறுவதற்கு முன் குழாய் அகற்றப்பட்டது. முகத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்தேன், கையில் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டார். எழுத்து கோழி கிண்டியது மாதிரி இருந்தாலும் படிக்க முடிந்தது. பதினொன்று ஐந்து: குழாய் மறுபடி போடப்பட்டது. அதற்குப் பக்கத்தில், போட்டவர் என்கிற கட்டம். பேனா அங்கே வந்து நின்றது. கீழ்மாடியில் ஒரு குழந்தை அழுகிற சத்தம் படிக்கட்டு வழியாக மேலே வந்தது, புதுசு, கோபமாக. சிசேரியன் முடிந்திருக்கிறது. இன்னும் கொஞ்சத்தில் படியேறி வருவாள், சொன்னபடி. வந்து விரலைப் பார்ப்பாள், எண்ணைப் பார்ப்பாள், சரி சார் என்பாள். இந்த முக்காலியில் உட்காருவாள். உட்காரட்டும்.

"யாரு சார் அது?" ஞானதுரை மறுபடி கேட்டான். டிக்கெட் வாங்காதவனைக் கேட்கிற குரல், விடமாட்டான்.

கட்டத்துக்குள் எழுதிக்கொண்டே, எழுதுகிறதை அவனுக்கும் கேட்கிற மாதிரி வைகுண்டம் வாய்விட்டுப் படித்தார்.

"டாக்டர் செண்பகவல்லி."